கேள்வி–பதில்: சொல்லாமல் கொள்ளாமல் போன பேராசிரியர்

அறிவியல் புனைவுத் தொடர்கள் ஒரு சீசனிலிருந்து அடுத்த சீசனுக்குள் ஆளும் தோற்றமும் மாறிப்போவதைப் பற்றி வந்திருந்த சில கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் தொடரான ‘ஸ்பேஸ்: 1999’ஐ அண்மையில் முழுவதுமாகப் பார்த்தேன். இரண்டாம் சீசனைத் தொடங்கியதும் தவறுதலாக வேறு ஏதோ தொடரைப் போட்டுவிட்டேனோ என்று ஐயம் வந்தது. பேராசிரியர் பெர்க்மன் எங்கே போனார்? அந்தப் பெரிய கட்டுப்பாட்டுக் கூடம் என்ன ஆயிற்று? இசைகூட மாறியிருக்கிறதே! (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: தவறுதலாக எதையும் போடவில்லை. அதே தொடர்தான். ஆனால் உங்களுக்கு வந்த ஐயம் 1976 செப்டம்பரில் அதைப் பார்த்த பிரிட்டிஷ் நேயர்கள் பலருக்கும் வந்த ஐயம்தான்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. நிலவில் குவித்து வைக்கப்பட்டிருந்த அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்று வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் நிலவே பூமியின் பிடியிலிருந்து அறுத்துக்கொண்டு விண்வெளியில் ஓடத் தொடங்குகிறது. ஆல்ஃபா தளத்திலிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் அதனுடனேயே போகிறார்கள். அறிவியல்படி இது நடக்காது என்பதை அன்றே ஐசக் அசிமோவ் முதலியோர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். நாம் மறுபடியும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கிய இத்தொடர் ஒரு சீசனுக்கு 24 அத்தியாயங்களாக மொத்தம் 48 அத்தியாயங்களோடு நின்றுபோனது.

முதல் சீசனின் படப்பிடிப்பு 1973 இறுதியில் தொடங்கி 1975 பிப்ரவரி வரை நீண்டது. அதுவரை பிரிட்டனில் எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர்களிலேயே மிகுந்த பணம் செலவான தொடர் என்று அது பேசப்பட்டது. செலவு அவ்வளவு என்றால் அமெரிக்காவில் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். ஆனால் அங்கிருந்த மூன்று பெரிய அலைவரிசைகளும் அதை வாங்கவில்லை. தொடரைத் தயாரித்து விற்ற ஐடிசி நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தை நடத்திய ஏப் மாண்டல் ஊர் ஊராக இருந்த தனி நிலையங்களிடம் அதை விற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கூட்டம் கூடியது, பிறகு குறைந்தது. கதை புரியவில்லை, பாத்திரங்கள் மரம்போல நிற்கிறார்கள், சிரிப்பதே இல்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இரண்டாம் சீசன் வருமா என்பதே ஐயத்துக்குரியதாக இருந்த நிலையில்தான் அமெரிக்கச் சந்தையை அறிந்தவர் என்று ஃபிரெட் ஃபிரைபெர்கரைத் தயாரிப்பாளராக அழைத்து வந்தார்கள். அதற்குள் ஆண்டர்சன் தம்பதியர் பிரிந்துவிட்டிருந்தார்கள். முதல் சீசனின் தயாரிப்பாளரான சில்வியா தொடரிலிருந்தும் விலகியிருந்தார். ஆகவே நீங்கள் பார்த்த மாற்றம் கதையின் தேவையிலிருந்து பிறந்ததன்று. கணக்குப் புத்தகமும் ஒரு குடும்பத்தின் முறிவும் சேர்ந்து எழுதிய மாற்றம் அது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பெர்க்மனாக நடித்த பாரி மோர்ஸுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒப்பந்தம் ஒத்துவரவில்லை, அவர் விலகினார். பால் மாரோ, டேவிட் கானோ ஆகிய இரு பாத்திரங்களும் அப்படியே காணாமற்போனார்கள். அவர்களுடைய இடத்தில் டோனி வெர்டெஸ்கி என்ற அதிகாரி, அங்கேயே பல காலம் வேலை பார்த்தவரைப்போல, முதல் காட்சியிலேயே வந்து நிற்கிறார். இரண்டு மட்டமாக, உயர்ந்த சன்னல்களோடு, தளபதியின் அறைக்குப் படியேறிப் போகும்படி அமைந்திருந்த ‘மெயின் மிஷன்’ கூடம் போய், சன்னலே இல்லாத ஒரு சிறிய கட்டுப்பாட்டு அறை வந்தது. ரூடி கெர்ன்ரைக் வடிவமைத்த, ஒரு கை மட்டும் துறைக்கேற்ற நிறத்தில் இருக்கும் வெளிர்நிறச் சீருடையின் மேல் வண்ண மேலங்கிகளும் அடையாள அட்டைகளும் ஏறின. ஆண்டர்சன்களோடு பொம்மலாட்டத் தொடர்களின் காலத்திலிருந்தே பணியாற்றிய பாரி கிரேயின் கம்பீரமான இசைக்குப் பதிலாக டெரிக் வாட்ஸ்வொர்த்தின் துள்ளலான இசை வந்தது.

பெர்க்மனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரண்டாம் சீசனின் முதல் அத்தியாயத்துக்காக எழுதப்பட்ட ஓர் உரையாடலில், விண்வெளி உடையில் ஏற்பட்ட பழுதினால் அவர் இறந்துவிட்டதாக ஒரு குறிப்பு இருந்தது. அந்த உரையாடலும் கடைசியில் நீக்கப்பட்டுவிட்டது. செயற்கை இதயம் பொருத்திக்கொண்டும் சோர்வடையாமல் 24 அத்தியாயங்கள் தளபதிக்குத் துணை நின்ற மனிதருக்கு ஒரு வரி இரங்கல்கூட மிஞ்சவில்லை. நம் ஊர் நெடுந்தொடர்களில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஓர் எழுத்தாவது ஓடும். பெர்க்மனுக்கு அந்த மரியாதையும் கிட்டவில்லை.

இந்த அவசரத்துக்கு இன்னொரு சான்று உண்டு. முதல் சீசனில் வரும் ‘டிராகன்ஸ் டொமைன்’ அத்தியாயத்தில், பூமியை விட்டுப் பிரிந்து 877 நாட்கள் ஆனதாக டாக்டர் ஹெலினா ரஸ்ஸல் சொல்கிறார். இரண்டாம் சீசனின் முதல் அத்தியாயமான ‘தி மெட்டமார்ஃப்’ தொடங்கும்போதோ 342 நாட்கள்தான் ஆகியிருக்கின்றன. நிலா முன்னே போக, காலம் பின்னே போயிருக்கிறது!

இவ்வளவும் வெளித்தோற்றம். உள்ளே மாறியது எது என்பதை அறிய இரண்டு அத்தியாயங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் சீசனின் ‘பிளாக் சன்’ அத்தியாயத்தில் நிலா ஒரு கருந்துளையை நோக்கி இழுக்கப்படுகிறது. ஆறு பேரை மட்டும் ஈகிள் விண்கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சூடேற்றும் கருவிகளை நிறுத்திவிட்டதால் எல்லோரும் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தளபதி கோனிக்கும் பெர்க்மனும் பல்லாண்டு பழைய பிராந்தி ஒன்றைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, இத்தனை ஆபத்துகளிலிருந்தும் தாங்கள் தப்பி வந்தது வெறும் தற்செயலா, அல்லது தங்களுக்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறதா என்று மெல்லப் பேசிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் சுடவில்லை, யாரும் ஓடவில்லை. அந்தக் கேள்விக்கு அத்தியாயம் விடையும் சொல்வதில்லை.

இரண்டாம் சீசனின் ‘தி பீட்டா கிளவுட்’ அத்தியாயத்தில் முடி அடர்ந்த பேருருவம் ஒன்று ஆல்ஃபாவுக்குள் நுழைந்து, உயிர்காப்புக் கருவியின் மையப் பகுதியைத் திருட வருகிறது. அதற்குள் இருந்து நடித்தவர், அடுத்த ஆண்டு வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் கருப்பு உடைக்குள் இருந்த டேவிட் பிரவுஸ். அத்தியாயத்தின் பெரும்பகுதி நடைபாதைகளில் ஓட்டமும் துரத்தலும்தான். கடைசியில் வேற்றுக்கோள் பெண்ணான மாயா ஒரு சிறு பூச்சியாக உருமாறி அதன் தலைக்குள் புகுந்து, அது ஓர் இயந்திரம் என்று கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்கிறாள். சிறுவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் ஒருமுறை பார்க்கப் பிடித்தது. ஆனால் பார்த்து முடித்த பிறகு யோசிப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

மாயாவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். சைக்கான் என்ற கோளில் பிறந்து, நினைத்த உயிராக உருமாறும் ஆற்றல் கொண்ட அந்தப் பாத்திரத்தைக் கேத்தரின் ஷெல் அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார். அவர் வந்த பிறகுதான் ஆல்ஃபாவில் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கவே தொடங்குகிறார்கள். இறுக்கம் மிகுதி என்ற குறை உண்மையானதுதான். தலைவலிக்கு மருந்து தேடியவர்கள் தலையையே மாற்றிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: அந்த ஃபிரைபெர்கர்தான் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் மூன்றாம் சீசனையும் கெடுத்தவராமே? அவர் கை வைத்த தொடரெல்லாம் நின்றுபோகும் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நின்றுபோனது உண்மை. அவர் கை வைத்ததால் நின்றது என்பது அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியதன்று.

‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் சீசனோடு முடிந்துவிடும் என்ற நிலை வந்தபோது நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்து அதைக் காப்பாற்றினார்கள். என்பிசி அலைவரிசை 1968இல் மூன்றாம் சீசனுக்கு ஒப்புதல் கொடுத்தது; ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி என்ற நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. தொடரை விரும்பிப் பார்த்த இளைஞர்கள் வீட்டில் இருக்கவே இருக்காத நேரம் அது. செலவுத் தொகை குறைக்கப்பட்டது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி மனம் கசந்து அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அந்த நிலையில்தான் ஃபிரைபெர்கர் உள்ளே வருகிறார். முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ஸ்பாக்கின் மூளையையே ஒரு பெண் திருடிக்கொண்டு போக, மூளையற்ற உடலைத் தொலையியக்கி கொண்டு நடத்திச் செல்லும் கதையோடு அந்தச் சீசன் தொடங்கியது என்பதற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ‘தி தோலியன் வெப்’ போன்ற நல்ல அத்தியாயங்களும் அதே சீசனில்தான் வந்தன. மொத்தம் 79 அத்தியாயங்களோடு 1969இல் தொடர் முடிந்தது.

ஃபிரைபெர்கர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து குதித்துக் கைதியானவர். கைதி முகாமில் தாம் இருந்தது இரண்டே ஆண்டுகள்தான், ‘ஸ்டார் ட்ரெக்’ தந்த துன்பமோ பல பத்தாண்டுகளாகியும் விடவில்லை என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வசூல் சரிந்த கடைக்குக் கடைசியாக வரும் மேலாளரிடம் கடையை மூடிய பழி சேருவது எங்கும் நடப்பதுதான்.

இருந்தாலும் ‘ஸ்பேஸ்: 1999’இல் அவரை முழுவதுமாக விடுவிக்க என்னால் முடியவில்லை. சார்ல்ஸ் உட்குரோவ் என்ற புனைபெயரில் அவரே மூன்று அத்தியாயங்கள் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன ‘பீட்டா கிளவுட்’ அவற்றில் ஒன்று. இன்னொன்றான ‘தி ரூல்ஸ் ஆஃப் லூட்டன்’இல், ஒரு கோளில் இறங்கிய கோனிக் பழம் ஒன்றைப் பறித்துத் தின்கிறார், மாயா ஒரு பூவைக் கிள்ளுகிறாள்; உடனே அங்குள்ள மரங்கள் இருவர் மீதும் கொலைக்குற்றம் சாட்டுகின்றன. மரங்களே நீதிபதிகள் என்ற கருத்தில் ஒரு நல்ல கதை ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. திரையில் வந்ததோ மூன்று வேற்றுக்கோளினரோடு கைகலப்பு. லூட்டன் என்பது லண்டனுக்கு வடக்கே உள்ள ஒரு சாதாரண ஊர். சாலையோரப் பெயர்ப்பலகையில் கண்ட அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார் என்கிறார்கள். பிரிட்டிஷ் நேயர்களின் சிரிப்பை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: நடிகர் விலகுவதும் பணம் குறைவதும் எல்லாத் தொடருக்கும் நேர்வதுதானே? அதைச் சரியாகக் கையாண்டவர்கள் யாரேனும் உண்டா? (திரைக்கதை எழுதப் பழகும் இளைஞர் ஒருவர்)

பதில்: உண்டு. நீங்கள் எழுதப் பழகுகிறவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘டாக்டர் ஹூ’ தொடரில் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியதால் 1966இல் விலக நேர்ந்தது. வேற்றுக்கோளில் பிறந்த டாக்டர் தம் உடலைப் புதுப்பித்துக்கொள்ளக் கூடியவர் என்று கதையிலேயே ஒரு விதியை உண்டாக்கி, பாட்ரிக் டிரௌட்டனை அடுத்த டாக்டராக எழுந்து உட்கார வைத்தார்கள். இது பலருக்கும் தெரியும். நான் அதைவிட வியப்பது அதற்குப் பிறகு 1969இல் செய்ததை. அடுத்த ஆண்டிலிருந்து வண்ணத்தில் எடுக்க வேண்டும், பணம் போதாது, வாரம் ஒரு புதிய கோளுக்கு அரங்கம் அமைக்க இயலாது. அதற்கு அவர்கள் கண்ட வழி, டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதுதான். பிற கோள்களின் விவகாரங்களில் தலையிட்ட குற்றத்துக்காக அவருடைய இனத்தாரே அவரைப் பூமிக்கு நாடு கடத்துகிறார்கள். கால இயந்திரத்தை ஓட்டும் அறிவையும் அவர் நினைவிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். முந்தைய சீசனில் 44 ஆக இருந்த அத்தியாயங்கள் 25 ஆகக் குறைந்தன. கதை முழுவதும் பூமியிலேயே நடந்தது. ஆனால் பார்ப்பவருக்கு அது சிக்கனமாகத் தோன்றவில்லை, தண்டனையாகத் தோன்றியது. ஓடிப் பழகியவர் கட்டிப்போடப்பட்ட எரிச்சல், டிரௌட்டனுக்கு அடுத்த டாக்டராக வந்த ஜான் பெர்ட்வீயின் நடிப்புக்கே ஒரு முனை கொடுத்தது.

இரண்டாவது, ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் ‘பாபிலோன் 5’ தொடர். ஐந்து ஆண்டுகளுக்கான ஒரே கதையை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ரஸின்ஸ்கி, எந்த நடிகர் விலகினாலும் கதை அறுந்துபோகாதபடி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெளியேறும் வழி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். முதல் சீசன் முடிந்ததும் அந்த வழி தேவைப்பட்டது, அதுவும் நாயகனுக்கே. தளபதி சின்கிளேராக நடித்த மைக்கேல் ஓ’ஹேர் விலகினார்; அவர் இடத்தில் புரூஸ் பாக்ஸ்லைட்னர் நடித்த ஷெரிடன் வந்தார். சின்கிளேர் மின்பாரி கோளுக்குத் தூதராக அனுப்பப்பட்டதாகக் கதை சொன்னது. அது வெறும் சாக்காக நின்றுவிடவில்லை; மூன்றாம் சீசனில் ‘வார் விதவுட் எண்ட்’ என்ற இரு பகுதிக் கதையில் அவர் திரும்பி வந்தபோது, முதல் சீசன் முழுவதும் அவரைச் சுற்றியிருந்த புதிருக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

ஓ’ஹேர் ஏன் விலகினார் என்பது நெடுநாள் வெளியே தெரியாது. முதல் சீசனின்போதே அவர் கடுமையான மனநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். படப்பிடிப்பை நிறுத்திவைக்கலாம் என்று ஸ்ட்ரஸின்ஸ்கி சொன்னபோது, தம் பொருட்டு மற்றவர்கள் வேலை இழக்கக் கூடாதென்று ஓ’ஹேர் மறுத்துச் சீசனை முடித்துக்கொடுத்தார். இந்த இரகசியத்தைத் தாம் சாகும்வரை காப்பதாக ஸ்ட்ரஸின்ஸ்கி சொல்ல, ‘உங்கள் சாவு வரை வேண்டாம், என் சாவு வரை காத்தால் போதும், பிறகு மற்றவர்களுக்குப் பயன்படட்டும்’ என்ற பொருளில் ஓ’ஹேர் பதில் சொல்லியிருக்கிறார். 2012இல் ஓ’ஹேர் மறைந்தார். அடுத்த ஆண்டுதான் ஸ்ட்ரஸின்ஸ்கி வாய் திறந்தார்.

அதே தொடரிலும் எல்லாம் சீராக அமைந்துவிடவில்லை. நான்காம் சீசனோடு தொடர் நின்றுவிடும் என்று அஞ்சிக் கதையை அவசரமாகச் சுருக்கி, கடைசி அத்தியாயமான ‘ஸ்லீப்பிங் இன் லைட்’டையும் எடுத்து முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு டிஎன்டி அலைவரிசை ஐந்தாம் சீசனுக்கு முன்வந்தது. எடுத்ததை ஓராண்டுக்குப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். இடையில் இவனோவாவாக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் விலகினார். லாக்லி என்ற புதிய பாத்திரத்தில் டிரேசி ஸ்காகின்ஸ் வந்தார். இதன் விளைவாக, ஐந்தாம் சீசன் முழுவதும் நிலையத்தை நடத்திய லாக்லி கடைசி அத்தியாயத்தில் இல்லை. போய்விட்ட இவனோவா இருக்கிறார். அந்த அத்தியாயம் இருபது ஆண்டுகள் கழித்து நடப்பது என்பதால் தையல் வெளியே தெரியவில்லை. திட்டமிட்டவனுக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் கைகொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சீசன் மாறியதால் உருப்பட்ட தொடர் ஒன்றுகூடக் கிடையாதா? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இருக்கிறது. முதல் இரண்டு சீசன்கள் தடுமாற்றம். மருத்துவராக நடித்த கேட்ஸ் மக்ஃபாடனை இரண்டாம் சீசனில் நீக்கி வேறொருவரைக் கொண்டுவந்து, மூன்றாம் சீசனில் மீண்டும் அவரையே அழைத்தார்கள். 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் இரண்டாம் சீசன் 22 அத்தியாயங்களாகச் சுருங்கியது. அதன் கடைசி அத்தியாயம் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியது. மூன்றாம் சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பிரிவின் தலைமையேற்ற பிறகு, வார நிகழ்ச்சியைவிடப் பாத்திரத்தின் மனச்சிக்கல் முன்னுக்கு வந்தது. நடிகர்களின் உடலை இறுக்கிப் பிடித்து முதுகுவலி தந்த சீருடையும் அந்த ஆண்டில்தான் மாறியது. இரண்டாம் சீசனில் துணைத்தளபதி ரைக்கர் தாடி வளர்த்தார் என்பதால், ஒரு தொடர் தேறிவிட்டது என்பதற்கு ‘தாடி முளைத்துவிட்டது’ என்று ஆங்கில ரசிகர்கள் சொல்வதுண்டு. உண்மையில் தாடி ஓராண்டு முந்திக்கொண்டது.

கேள்வி: ‘ஸ்பேஸ்: 1999’ முதல் சீசன் மட்டும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதைப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: பாருங்கள், ஆனால் வரிசையாகப் பார்க்க வேண்டாம். முதலில் ‘தி மெட்டமார்ஃப்’. முதல் சீசனின் எழுத்தாளர்களில் ஒருவரான ஜானி பைர்ன் எழுதியது. பழைய சாயல் அதில் இன்னும் இருக்கிறது. பிறகு ‘டோர்ஸாக்’, ‘டெவில்ஸ் பிளானட்’ இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள். நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு படப்பிடிப்புக் குழுக்கள் ஒரே சமயத்தில் இரண்டு அத்தியாயங்களை எடுத்த நாட்கள் அவை. ஒன்றில் கோனிக்கே இல்லை. மற்றதில் கோனிக் தம் கூட்டாளிகள் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு கோளில் தனியாக மாட்டிக்கொண்டிருப்பார். எதனால் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கதை முடிவில்லாமல் நின்றுபோனது குறித்து வருந்த வேண்டாம். தொடர் நின்று இருபதாண்டுகளுக்கு மேல் ஆன பின், நிலா பறந்துபோனதாகக் கதை சொன்ன அதே 1999 செப்டம்பர் 13 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய ரசிகர்களிடையே ஒரு சிறு படம் திரையிடப்பட்டது. எழுதியவர் ஜானி பைர்ன். நடித்தவர் இரண்டு சீசன்களிலும் சாண்ட்ராவாக வந்த ஸீனியா மெர்ட்டன், அவர் ஒருவர் மட்டுமே. ஆல்ஃபாவின் கருவிகள் தேய்ந்துவிட்டன. மற்றவர்கள் வாழத் தகுந்த ஒரு கோளுக்குப் போகிறார்கள். சாண்ட்ரா காலியான கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பூமிக்குக் கடைசிச் செய்தியை அனுப்புகிறாள். ஏழு நிமிடம்போல ஓடும். இரண்டு சீசனையும் பார்த்து முடித்த அன்று இரவு அதைப் பாருங்கள்.